டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஆன் ஆகல." கோளாறோடு வருபவர்கள் எல்லோரும் சொல்வது இந்த ஒரே வாக்கியம்தான். போய்ப் பார்த்தால் ஒருவர் மெஷினில் விளக்கே எரியாது. இன்னொருவருக்கு ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், திரை மட்டும் கறுப்பு. மூன்றாமவருக்கு விண்டோஸ் லோகோ வரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். மூன்றுக்கும் காரணம் வேறு, கை வைக்க வேண்டிய இடமும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் நேராக ரேமைக் கழற்றுவது, எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி) வாங்குவது என்று இறங்குவதால்தான் நேரமும் காசும் வீணாகின்றன.

பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் கவனியுங்கள். விளக்கு, ஃபேன், சத்தம், திரை. பிறகு உங்கள் அறிகுறிக்கான பகுதிக்குப் போங்கள்.

- எந்த அசைவும் இல்லை: பகுதி 1
- உயிர் வந்து உடனே அடங்கிவிடுகிறது, அல்லது தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது: பகுதி 2
- ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை: பகுதி 3
- பீப் சத்தம் வருகிறது: பகுதி 4
- திரையில் எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை: பகுதி 5
- விண்டோஸ் தொடங்கி நடுவில் நிற்கிறது, நீலத் திரை வருகிறது: பகுதி 6

## கழற்றும் முன்

கேபினெட்டைத் திறப்பதற்கு முன் பவர் கார்டைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகை, சுருக்கமாக போர்டு) தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

எந்தக் கேபிளை உருவினாலும் அதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ரேம், கேபிள், பேட்டரி என்று மூன்றையும் சேர்த்து மாற்றி மெஷின் ஓடிவிட்டால், கோளாறு எதில் இருந்தது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வரும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். கருகிய வாசனை, பொறி, புகை, ஆன் செய்ததும் வீட்டு பிரேக்கர் விழுவது, இவற்றில் எது இருந்தாலும் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். அந்த மெஷின் நேராக டெக்னீஷியனிடம் போக வேண்டும்.

## பகுதி 1: எந்த அசைவும் இல்லை

### முதலில் கேபினெட்டுக்கு வெளியே

அதே பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால், கம்ப்யூட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் எதுவும் இல்லாமல் நேராகச் சுவரில் மாட்டுங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ், பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே, கம்ப்யூட்டர் இழுக்கும் நொடியில் கையை விரித்துவிடும்.

அடுத்து எஸ்எம்பிஎஸ் பின்புறம். பவர் கார்டு அங்கே பாதி வெளியே வந்திருப்பது மிகச் சாதாரணம். மேசையைத் துடைக்கும்போது கேபினெட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். அழுத்திச் செருகுங்கள், முடிந்தால் வேறு கார்டு போட்டுப் பாருங்கள். மானிட்டருக்குப் போகும் கார்டும் பெரும்பாலும் அதே வகைதான், மாற்றி மாட்டிச் சோதிக்கலாம். பக்கத்தில் சின்னச் சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆஃப்.

பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் 115 / 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்சும் இருக்கலாம். 230 வோல்ட் வரும் இடத்தில் அது 115-இல் இருக்க ஆன் செய்திருந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். கேட்டிருந்தால் மேலே படிக்க வேண்டாம், அந்த எஸ்எம்பிஎஸ் முடிந்தது.

### போர்டில் விளக்கு எரிகிறதா?

கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து, கார்டை மாட்டி, எதையும் தொடாமல் உள்ளே பாருங்கள். பல மதர்போர்டுகளில் ஆன் செய்யாதபோதே ஒரு சின்ன விளக்கு எரியும். எஸ்எம்பிஎஸ்-இலிருந்து 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வருகிறது என்பதற்கு அது அடையாளம்.

விளக்கு எரிகிறது என்றால் சந்தேகம் முதலில் பவர் பட்டன் மேல். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் போர்டின் ஒரு மூலையில் இரண்டு வரிசைப் பின்களில் செருகியிருக்கும். பெரும்பாலான போர்டுகளில் 6-ஆம் 8-ஆம் பின்கள் பவர் சுவிட்ச், 5-ஆம் 7-ஆம் பின்கள் ரீசெட். போர்டிலேயே பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள், மேனுவலிலும் படம் இருக்கும். பவர் சுவிட்ச் கனெக்டரை உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். இதற்கு மட்டும் கார்டு மாட்டியிருக்க வேண்டும். அங்கே இருப்பது மிகக் குறைந்த வோல்ட்டேஜ், ஷாக் அடிக்காது. ஆனால் நுனி பக்கத்துப் பின்களுக்கு வழுக்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷின் கிளம்பிவிட்டதா? பட்டன்தான் போயிருக்கிறது. புதுப் பட்டன் கிடைக்கும்வரை ரீசெட் பட்டனின் கனெக்டரை எடுத்துப் பவர் பின்களில் மாட்டிவிடுங்கள். இனி ரீசெட்டை அழுத்தினால் ஆன் ஆகும். செலவே இல்லாத இந்த மாற்றத்தோடு வருடக்கணக்கில் ஓடும் மெஷின்கள் உண்டு.

விளக்கு எரியவில்லை என்றால், அல்லது உங்கள் போர்டில் அப்படி ஒரு விளக்கே இல்லை என்றால், அடுத்த சோதனை எஸ்எம்பிஎஸ். முதலில் 24 பின் பெரிய கனெக்டரை உருவி, கிளிப் 'கிளிக்' என்று விழும்வரை திரும்ப அழுத்துங்கள். அதிலும் வரவில்லை என்றால் கீழே.

### எஸ்எம்பிஎஸ்-ஐத் தனியாகச் சோதிப்பது

கார்டைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ் கனெக்டர்கள் அனைத்தையும் போர்டிலிருந்தும் மற்ற பாகங்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, கார்டை மாட்டி, பின் சுவிட்சைப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. இப்போது வரும் சில மாடல்களில் சுமை இல்லாதபோது ஃபேன் சுற்றவே சுற்றாது, அதனால் ஃபேன் நின்றிருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஒயர்கள் எல்லாமே கறுப்பாக இருந்தால் 16-ஆம் 17-ஆம் பின்கள். எண்ணுவதில் சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஊதா ஒயரில் எப்போதும் 5 வோல்ட் வர வேண்டும். ஓடும்போது மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை. எதுவாவது இந்த எல்லைக்கு வெளியே இருந்தால் எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்ற வேண்டியதுதான். எல்லாம் சரியாகக் காட்டினாலும் முழு நம்பிக்கை வைக்காதீர்கள். சுமை இல்லாமல் 12 வோல்ட் காட்டி, கிராஃபிக்ஸ் கார்டு இழுத்ததும் சரிந்துவிடும் எஸ்எம்பிஎஸ் ஏராளம். நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்-ஐக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதை மிஞ்சிய சோதனை இல்லை. ஒரு எச்சரிக்கை: கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகாதீர்கள். செருகு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கும். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எரிந்துபோகும்.

### எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தும் அசைவில்லை

எங்கோ ஷார்ட் ஆகிறது, அல்லது போர்டு. ஷார்ட்டைத் தேடுவது செலவில்லாத வேலை, அதை முதலில் முடியுங்கள். யுஎஸ்பி-இல் மாட்டியவை அனைத்தையும் எடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், முன்பக்க யுஎஸ்பி ஒயர், கேபினெட் ஃபேன்கள் எல்லாம் வெளியே. போர்டு, பிராசஸர் அதன் கூலரோடு, ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ். இவ்வளவுதான் மிஞ்ச வேண்டும். இப்போது கிளம்பினால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே வாருங்கள்; எதை மாட்டியதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

முன்பக்க யுஎஸ்பி ஓட்டைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, அதன் மேல் ஓடும் நான்கு செம்புக் கம்பிகளில் ஒன்று வளைந்து சுற்றியிருக்கும் இரும்பில் தொட்டுக்கொண்டிருக்கும். முழு மெஷினையும் நிறுத்த அது ஒன்றே போதும். பென்டிரைவைத் தலைகீழாகத் திணிக்கும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

இவ்வளவும் செய்து, வேறு எஸ்எம்பிஎஸ்-உம் போட்டு, இன்னும் அசைவில்லை என்றால் போர்டு. உங்கள் வேலை இங்கே முடிந்தது.

## பகுதி 2: உயிர் வந்து அடங்கிவிடுகிறது

எத்தனை நொடியில் அணைகிறது என்று எண்ணுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

### ஒரு நொடிக்குள், சில நேரம் 'டிக்' சத்தத்தோடு

எஸ்எம்பிஎஸ் ஷார்ட்டைக் கண்டு தானாகவே அணைத்துக்கொள்கிறது. முன் பகுதியில் சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். முதலில் கிராஃபிக்ஸ் கார்டை எடுங்கள், நிறைய நேரம் அதோடு முடிந்துவிடும். புதிதாகச் சேர்த்த மெஷின் அல்லது சமீபத்தில் கேபினெட் மாற்றிய மெஷின் என்றால், போர்டுக்குக் கீழே தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கு திருகு நிற்கிறதா, எங்காவது ஸ்க்ரூ விழுந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். போர்டைக் கழற்றி அட்டைப் பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பார்த்தால் கேபினெட் காரணமா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

### எப்போதும் சரியாக நான்கைந்து நொடியில்

பவர் பட்டன் உள்ளே சிக்கி அமுங்கியபடியே இருக்கிறது. பட்டனை நான்கு நொடி பிடித்தால் மெஷின் அணைய வேண்டும் என்பது ஏற்பாடு. அதைத்தான் அது செய்கிறது. முன்பக்கப் பவர் ஒயரைப் போர்டிலிருந்து உருவி, பகுதி 1-இல் சொன்னபடி ஸ்க்ரூ டிரைவரால் ஆன் செய்யுங்கள். அணையாமல் ஓடினால் பட்டனைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது ரீசெட் பட்டனை அந்த வேலைக்கு அமர்த்துங்கள். இந்தக் கோளாறுக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

### பத்து நொடியிலிருந்து சில நிமிடங்களுக்குள்

சூடு. பிராசஸர் மேல் இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா, அதற்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதி) நடுவே தூசி கம்பளமாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் கால்களை அழுத்தி மாட்டும் கூலர் என்றால் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் போதும், ஹீட்சிங்க் ஒரு பக்கம் எழும்பி நிற்கும். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2-ஐத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) போய் வெப்ப அளவைப் பார்க்கலாம். நாற்பது, ஐம்பது டிகிரியில் நின்றால் கவலை இல்லை. கண் முன்னே எண்பது, தொண்ணூறு என்று ஏறினால் கூலரைக் கழற்றி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிது தடவி மாட்டுங்கள். தண்ணீர் கூலர் என்றால் பம்ப் நின்றிருக்கலாம். ரேடியேட்டர் ஃபேன் சுற்றுவதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

### திரையில் யுஎஸ்பி ஓவர் கரன்ட் என்று காட்டிவிட்டு 15 நொடியில்

பகுதி 1-இல் சொன்ன, யுஎஸ்பி ஓட்டைக்குள் வளைந்த செம்புக் கம்பி விவகாரம்தான். முன்பக்க யுஎஸ்பி ஒயரைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

### ஆன், ஆஃப், ஆன், ஆஃப், பிறகு ஓடுகிறது

புது ரேம் போட்டிருந்தாலோ பயாஸில் ரேம் வேகத்தைக் கூட்டியிருந்தாலோ, போர்டு வெவ்வேறு அளவுகளை முயன்று பார்க்கிறது. ரேம் வேகத்தை இயல்பு நிலைக்கு இறக்குங்கள். எதையும் மாற்றாத பழைய மெஷினில் இது வந்தால் எஸ்எம்பிஎஸ் தளர்ந்துவருகிறது என்று எடுத்துக்கொண்டு, முதலில் டேட்டாவை காப்பி எடுத்து வையுங்கள்.

## பகுதி 3: ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

அதிகமாக வருவது இதுதான். 'போர்டு போயிடுச்சு' என்று அவசரமாகச் சொல்லப்படுவதும் இதற்குத்தான்.

### கேப்ஸ் லாக் சோதனை

ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்துக் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் மெஷின் தொடக்கச் சோதனையிலேயே நின்றுவிட்டது.

### கேப்ஸ் லாக் வேலை செய்கிறது

மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனுவே வரவில்லை என்றால் மானிட்டரோ அதன் பவரோதான். வந்தால், எந்த இன்புட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐ-இல் இருக்க, மானிட்டர் டிஸ்பிளே போர்ட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

கேபிள் எங்கே செருகியிருக்கிறது? தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் ஓட்டையில் செருக வேண்டும், மேலே போர்டில் இருக்கும் ஓட்டையில் அல்ல. மாறாக, கார்டே இல்லாத மெஷினில் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இருக்க வேண்டும். மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' போட்ட இன்டெல் பிராசஸர்களில் அது கிடையாது. ஏஎம்டி ரைசன் 5000 வரிசை வரை, எண்ணுக்குப் பின் 'ஜி' இல்லாதவற்றிலும் பொதுவாகக் கிடையாது. அவற்றோடு போர்டின் எச்டிஎம்ஐ-இல் கேபிளைச் செருகி எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது.

பிறகு கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் 6 பின் அல்லது 8 பின் பவர் கேபிள் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டைக் கழற்றி, திரும்ப அழுத்திச் செருகுங்கள். பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டை வெளியே வைத்துவிட்டுப் போர்டிலிருந்து படம் எடுங்கள். வந்துவிட்டால் கோளாறு கார்டில். இன்னொரு மெஷினில் போட்டு உறுதி செய்யாமல் புதிது வாங்காதீர்கள்.

### கேப்ஸ் லாக் அசையவில்லை

டிடிஆர்5 என்ற புது வகை ரேமோடு புதிதாகச் சேர்த்த மெஷினா? முதல் முறை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கப்படுத்த பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதறி அணைத்தால் திரும்ப முதலிலிருந்து. கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.

போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கிறதா என்று பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. இல்லாத போர்டுகளில் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

ரேம். திரை கறுப்பாக இருக்கும் பழைய மெஷின்களில் பெரும்பாலானவை இதோடு எழுந்துவிடும். ஸ்லாட்டின் கொக்கியை விலக்கி ரேமை எடுங்கள். அடிப்பக்கத்துத் தங்க நிற விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பளபளப்புக்கு நடுவே மங்கலான கறுப்புப் படலம் தெரியும். மென்மையான பென்சில் ரப்பரால் ஒரே திசையில், வெளிப்புறமாக, லேசாகத் தேயுங்கள். துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் துடைத்துவிடுங்கள், ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே புதுக் கோளாறு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் இருந்தால் ரப்பரே வேண்டாம், பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்லாட்டை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ரேமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் பொருந்தும்படி வைத்து, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் ஒரே சீராக அழுத்துங்கள். புதியவர்கள் இங்கே பயந்து மெதுவாக அழுத்துவார்கள். கொக்கி தானாக மூடிக்கொள்ளும் அளவுக்கு அழுத்தம் வேண்டும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும், பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். வரவில்லையா, மற்றதைப் போடுங்கள். பிறகு வேறு ஸ்லாட். எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் ஓடியது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு ஸ்லாட்டும் இரண்டு ரேமும் சேர்ந்தால் ஞாபகம் நிச்சயம் குழப்பும்.

பிராசஸர் பவர் கேபிள். போர்டின் மேல் மூலையில் 4 அல்லது 8 பின் கனெக்டர். இது இல்லாமலும் ஃபேன்கள் சுற்றும், ஆனால் பிராசஸருக்கு உயிர் இருக்காது. ஒருமுறை உருவிச் செருகுங்கள்.

சீமாஸ் பேட்டரி. சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி. புதிதில் 3 வோல்ட் அல்லது சற்று மேலே இருக்கும், மீட்டரில் 2.7-க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். பேட்டரி செத்தால் கடிகாரம் பின்னோக்கிப் போவதோடு பெரும்பாலான மெஷின்கள் நிறுத்திக்கொள்ளும், சில போர்டுகள் மட்டும் கிளம்பவே மறுக்கும்.

பயாஸ் அமைப்பை அழிப்பது. பவர் கார்டைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் வைத்திருந்தாலே போதும். போர்டில் அதற்கென்று ஜம்பர் இருந்தால் இன்னும் எளிது. ஆனால் இதற்கு முன் இரண்டு விஷயம். விண்டோஸ் டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் சொந்த டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருந்தால், இதற்குப் பிறகு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று போனிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பயாஸில் சாட்டா முறை (டிஸ்க்கோடு போர்டு பேசும் விதம்) ரெய்டு என்றோ ஏஎச்சிஐ என்றோ முன்பு இருந்தது மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். அப்போது விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப இன்ஸ்டால் செய்யாமல், பயாஸில் அந்த ஒன்றை மட்டும் பழையபடி மாற்றுங்கள்.

பிராசஸர். ஓடிக்கொண்டிருந்த பிராசஸர் தானாகச் சாவது மிக அபூர்வம். புதுப் பிராசஸரைப் பழைய போர்டில் போட்டிருந்தால் பயாஸ் பதிப்பு அதை அடையாளம் காணாமல் இருக்கலாம். போர்டு நிறுவனத்தின் பட்டியலில் எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்று இருக்கும். பின்கள் வளைந்திருந்தால் ஊசியோடு உட்காராதீர்கள்.

கடைசியாக, பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் போர்டு சரிசெய்யும் ஆளிடம் கொடுங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது ஒரு கொள்ளைநோயாகவே இருந்தது. இப்போது குறைவு.

## பகுதி 4: பீப் சத்தம்

ஒரே ஒரு குட்டி பீப் என்றால் பெரும்பாலும் எல்லாம் நலம், கோளாறு மானிட்டர் பக்கம். நீண்ட பீப் விட்டு விட்டுத் தொடர்ந்தால் பொதுவாக ரேம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் அவார்டு என்ற வகை பயாஸில் கிராஃபிக்ஸ். மற்றபடி ஒவ்வொரு பயாஸுக்கும் கணக்கு வேறு. டெல், எச்பி போன்ற பிராண்டு மெஷின்கள் பவர் விளக்கைச் சிமிட்டியும் சொல்லும். நிறத்தையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு அந்த மாடலின் மேனுவலில் பாருங்கள். சத்தமே இல்லை என்பதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது, இன்றைய கேபினெட்டுகளில் ஸ்பீக்கரே வைப்பதில்லை.

## பகுதி 5: எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை

பூட் டிவைஸ் (விண்டோஸைத் தொடங்க வேண்டிய டிஸ்க்) இல்லை என்ற பொருளில் ஏதாவது வந்தால், முதலில் பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதோடு சரியாகிவிட்டால் சிரித்துவிட்டு எழுந்து போகலாம்.

இல்லையென்றால் பயாஸுக்குள் போங்கள். பெரும்பாலும் டெலீட் அல்லது எஃப்2.

டிஸ்க் பெயர் அங்கே தெரிகிறது: பூட் வரிசையில் அதை முதலில் கொண்டுவாருங்கள். தேதி பல வருடம் பின்னால் இருந்தால் பேட்டரி செத்து, அமைப்பெல்லாம் அழிந்திருக்கிறது. பேட்டரியை மாற்றிவிட்டு வரிசையைச் சரிசெய்யுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவிலிருந்து கிளப்பி, ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டுங்கள்.

தெரியவில்லை: டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் இரண்டு முனையிலும் உருவி மாட்டுங்கள், வேறு கேபிள், வேறு போர்ட். குச்சி வடிவ எம்.2 எஸ்எஸ்டி என்றால் ஸ்க்ரூவைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள். எஸ்எஸ்டி எச்சரிக்கையே தராமல் ஒரே நாளில் காணாமல் போகக்கூடியது.

ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்று சீராகத் தட்டுகிறது: உடனே அணையுங்கள். உள்ளே இருப்பது உங்களுக்கு முக்கியம் என்றால் இன்னொரு முறைகூட ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தலை தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். ஃப்ரீசரில் வைப்பது, தட்டுவது எல்லாம் வேண்டாம். டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் போக வேண்டும், சாதாரண சர்வீஸ் ஆளிடம் அல்ல.

## பகுதி 6: விண்டோஸ் நடுவில் நிற்கிறது

கீபோர்டு, மவுஸ் தவிர எல்லா யுஎஸ்பி-யையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். பிரிண்டர் ஒன்று லோகோவிலேயே மெஷினைக் கட்டிப்போடுவது உண்டு. அப்டேட் நடக்கிறது என்று சதவீதம் காட்டினால், டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்வரை விடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

லோகோவிலேயே நின்றால், சுற்றும் புள்ளிகள் வரும்போது பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கிருந்து இந்த வரிசை: ஸ்டார்ட்அப் ரிப்பேர், பிறகு கடைசி அப்டேட்டை நீக்குதல், பிறகு சிஸ்டம் ரீஸ்டோர், பிறகு சேஃப் மோடு (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் நிலை). சேஃப் மோடில் ஓடுகிறது என்றால் பாகங்கள் பெரும்பாலும் நலம். கடைசியாக நிறுவிய டிரைவரையோ சாஃப்ட்வேரையோ நீக்குங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றபோதும், சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை நீக்கியதுதான் வைத்தியம். ஒரு பாகத்தையும் மாற்றவில்லை.

நீலத் திரையின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறினால் ரேமைச் சந்தேகியுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். ரேம் சுத்தம், ஆனாலும் கண்டபடி நிற்கிறது, பிராசஸர் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை உயர் ரகம் என்றால் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதிக வோல்ட்டேஜால் அந்த வரிசைகளில் பிராசஸர் தேய்வதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்ததைத் திருத்தம் மீட்காது, வாரன்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ரீசெட், திரும்ப இன்ஸ்டால் இரண்டும் கடைசி. அதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, வேண்டியதைக் காப்பி எடுத்துவிடுங்கள்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

கருகல், புகை, பிரேக்கர் விழுதல். தட்டும் ஹார்ட் டிஸ்க். உப்பிய கெப்பாசிட்டர், வளைந்த பிராசஸர் பின். தண்ணீர் கொட்டிய மெஷின். வேறு எஸ்எம்பிஎஸ், வேறு ரேம் போட்டும் அசையாத போர்டு. வாரன்டி இருக்கும் பிராண்டு மெஷின் என்றால் வெளிக் கேபிள், யுஎஸ்பி, மானிட்டர் மூன்றையும் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு நிறுவனத்தையே அழையுங்கள்.

கொடுக்கும்போது "ஆன் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நிலையில் நிற்கிறது, எத்தனை நொடியில் அணைகிறது, எந்த விளக்கு நிற்கிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள், கோளாறுக்கு முதல் நாள் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள். 'போர்டு மாத்தணும்' என்று பதில் வந்தால், வேறு எஸ்எம்பிஎஸ்-உம் வேறு ரேமும் போட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்த்தவர் தயங்காமல் சொல்வார். டிஸ்க்கில் கோளாறு இல்லை என்று உறுதியானால் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். பயாஸ் திரை வரை மெஷினைக் கொண்டுவர டிஸ்க் தேவையே இல்லை.